தமிழில் யோசித்தால் ஆங்கிலம் வராதா?

கேரள-தமிழ்நாடு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர். வெளியில் மலையாளம் பேசுகிறவர். இப்போது பாலக்காட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறவர். ஐந்து ஐயங்களைக் கேட்டிருக்கிறீர்கள். 'டிட் நாட் வென்ட்' ஏன் தவறு, எங்கே 'எஸ்' சேர்ப்பது, 'சின்ஸ்', 'ஃபார்' எதற்கு எது, 'எ', 'ஆன்', 'தி' எப்படிப் பயன்படுத்துவது, 'ஐ ஆம் ஹேவிங்' என்றால் ஏன் சிரிக்கிறார்கள். இவற்றுக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "தமிழில் யோசிப்பதை நிறுத்தினால்தான் ஆங்கிலம் வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், அது உண்மையா?" உங்களை உண்மையில் வாட்டுவது அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழி மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தொடக்க நிலையில் இருப்பவருக்கு அந்த அறிவுரை கெடுதல் செய்கிறது. யோசிப்பதை நிறுத்து என்றால் மனம் நின்றுவிடாது. வாய்தான் நின்றுவிடும். தமிழ் இலக்கணம் எந்த இடத்தில் ஆங்கிலத்துக்குக் கை கொடுக்கிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. உங்கள் ஐந்து கேள்விகளையும் அந்தக் கண்ணோடு பார்க்கிறேன்.

'ஐ டிட் நாட் வென்ட்' என்பதிலிருந்து தொடங்கலாம். 'போனேன்' என்பதை மறுத்துச் சொல்லுங்கள். 'போகவில்லை' என்பீர்கள். 'போனேன்வில்லை' என்று ஒரு குழந்தைகூடச் சொல்லாது. 'இல்லை' வந்து ஒட்டியவுடன், இறந்தகாலம் காட்டிய 'போனேன்' காணாமல் போய், காலம் காட்டாத 'போக' வந்து நிற்கிறது. பள்ளியில் இதைச் 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்று படித்திருப்பீர்கள். ஆங்கிலத்திலும் இதே ஏற்பாடுதான். 'ஐ வென்ட்' என்பது 'போனேன்'. 'ஐ டிட் நாட் கோ' என்பது 'போகவில்லை'. 'நாட்' வந்ததும் 'வென்ட்' தன் காலத்தை 'டிட்' என்ற துணைச்சொல்லிடம் கொடுத்துவிட்டு, வெறும் 'கோ' ஆகிவிடுகிறது. தமிழில் 'போக' நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தில் 'கோ' நிற்கிறது என்று பிடித்துக்கொண்டால், 'டிட் நாட் கேம்', 'டிட் நாட் ஏட்', 'டிட் நாட் டோல்ட்' எல்லாமே 'வந்தேன்வில்லை' போலக் காதில் உறுத்தத் தொடங்கும்.

எல்லை ஊர்க்காரர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் இடறல் உண்டு. மலையாளத்தில் 'ஞான் போயி' என்பதன் மறுப்பு 'ஞான் போயில்ல'. இறந்தகால வடிவம் அப்படியே இருக்க, பின்னால் 'இல்ல' சேர்கிறது. இரண்டு மொழியும் நாக்கில் புரளும் ஒருவருக்கு 'டிட் நாட் வென்ட்' இயல்பாகத் தோன்றுவதில் வியப்பில்லை. இந்த ஓர் இடத்தில் மலையாளத்தை ஒதுக்கிவைத்துவிட்டுத் தமிழைப் பின்பற்றுங்கள். தமிழ் உதவாத பக்கமும் இதிலேயே இருக்கிறது. 'போகவில்லை' என்பது நேற்றைக்கும் பொருந்தும், இன்றைக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் 'டிட்', 'டூ', 'டஸ்' என்று காலத்தைப் பிரித்துச் சொல்லியே ஆக வேண்டும். கேள்வியிலும் அப்படித்தான். 'போனாயா?' என்று நாம் காலத்தை வினையிலேயே வைத்துக்கொண்டு ஓர் ஆகாரத்தைச் சேர்த்துவிடுகிறோம். ஆங்கிலம் 'டிட் யூ கோ' என்று மறுபடியும் 'கோ'வுக்குத்தான் போகும். கேள்விக்குத் தமிழ் துணை கிடையாது. வாயால் சொல்லிப் பழகுவதைத் தவிர வேறு வழி இல்லை.

அடுத்தது 'எஸ்'. இதில் தமிழ் படித்தவருக்கு இருக்கும் வசதி மலையாளம் மட்டும் அறிந்தவருக்கு இல்லை. மலையாளத்தில் நானும் 'போகுன்னு', அவனும் 'போகுன்னு', அவளும் 'போகுன்னு'. தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது என்று ஆளுக்கு ஏற்ப வினையின் வால் மாறும். ஆள் மாறினால் வினை மாறும் என்ற உணர்வு உங்களுக்குப் பிறப்பிலேயே வந்தது. ஆங்கிலத்தில் அந்த ஏற்பாடு தேய்ந்து, நிகழ்காலத்தில் ஒரே ஒரு வால்தான் மிஞ்சியிருக்கிறது: ஹி, ஷி, இட் என்று ஒருமையில் சுட்டக்கூடிய எதற்கும் 'எஸ்'. 'ஐ கோ', 'யூ கோ', 'தே கோ'. ஆனால் 'ஷி கோஸ்', 'தி பஸ் கோஸ்'. மறுப்பும் கேள்வியும் வந்தால் முன்பு சொன்ன கதைதான். 'எஸ்' துணைச்சொல்லோடு போய்விடும், வினை வெறுமையாகும்: 'ஷி டஸ் நாட் கோ'.

'ஹி கேன்ஸ்', 'ஷி மஸ்ட் கோஸ்' என்று சிலர் எழுதுகிறார்களே, அது ஏன் தவறு என்பதையும் தமிழே சொல்லிக் கொடுக்கும். 'நான் போக வேண்டும்', 'அவள் போக வேண்டும்', 'நான் போகலாம்', 'அவர்கள் போகலாம்' என்று சொல்லிப் பாருங்கள். 'வேண்டும்' யாருக்காகவும் மாறவில்லை. 'போகலாம்' மாறவில்லை. 'முடியும்' என்பதும் அப்படியே. ஆங்கிலத்தில் 'மஸ்ட்', 'ஷுட்', 'மே', 'கேன்' ஆகியவையும் யாருக்காகவும் வால் சேர்த்துக்கொள்வதில்லை. அவற்றுக்குப் பின்னால் வரும் வினையும் 'போக' போலவே வெறுமையாக நிற்கும். இரண்டு மொழிக்கும் இடையில் இவ்வளவு நெருக்கமான ஒற்றுமையைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் மகிழ்ச்சியாக இருக்கிறது. இதைப் பள்ளியில் யாரும் சொல்லித் தராமல் விடுவது பெரிய இழப்பு.

'சின்ஸ்', 'ஃபார்' குழப்பம் எளிதில் தீரும். தமிழில் 'இரண்டு வருடமாக', 'மூன்று நாளாக' என்று 'ஆக' வந்தால் ஆங்கிலத்தில் 'ஃபார்'. '2022 முதல்', 'திங்கட்கிழமையிலிருந்து' என்று 'முதல்' அல்லது 'இருந்து' வந்தால் 'சின்ஸ்'. மலையாளத்திலும் 'ரண்டு வர்ஷமாயி', '2022 முதல்' என்று இதே பிரிவு இருப்பதால் உங்களுக்கு இரட்டைத் துணை. பேச்சில் சிலர் 'இரண்டு வருடத்திலிருந்து' என்பார்கள். 'சின்ஸ் டூ இயர்ஸ்' என்ற தவறுக்கு அது வழிவகுக்கிறது. கால அளவு என்றால் 'ஆக' என்று தமிழிலேயே திருத்திச் சொல்லிவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள். தமிழ் கைவிடும் இடம் வினைதான். 'இரண்டு வருடமாக வேலை செய்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'ஐ ஆம் ஒர்க்கிங் ஃபார் டூ இயர்ஸ்' என்றால் சரியாகாது. அன்று தொடங்கி இன்றுவரை நீள்வது எதற்கும் 'ஹேவ்' வேண்டும்: 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்'.

அந்த 'ஹேவ்' பற்றி இன்னொரு செய்தி. 'பழனிக்குப் போயிருக்கிறேன்' என்ற தமிழ் வாக்கியமும் 'ஐ ஹேவ் பீன் டு பழனி' என்பதும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் நாம் 'போன வருடம் பழனிக்குப் போயிருக்கிறேன்' என்றும் தயங்காமல் சொல்வோம். ஆங்கிலம் அதை ஏற்காது. 'லாஸ்ட் இயர்', 'யெஸ்டர்டே' என்று முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் 'ஐ வென்ட்' மட்டுமே.

'எ', 'ஆன்' பற்றிப் பயப்படவே வேண்டாம். ஒரு, ஓர் என்ற வேறுபாட்டைத் தமிழ் ஆசிரியர் சொல்லிக் கொடுத்திருப்பார்: ஒரு கிராமம், ஓர் ஊர். உயிரொலிக்கு முன்னால் 'ஓர்', மெய்க்கு முன்னால் 'ஒரு'. ஆங்கிலத்திலும் உயிரொலிக்கு முன்னால் 'ஆன்', மற்றவற்றுக்கு 'எ'. பார்க்க வேண்டியது ஒலியை, எழுத்தை அல்ல. 'யூனிவர்சிட்டி' உயிரெழுத்தில் தொடங்கினாலும் காதில் 'யூ' என்று விழுவதால் 'எ யூனிவர்சிட்டி'. எம் என்பது மெய்யெழுத்தாக இருந்தும் அதன் பெயர் 'எ' என்ற உயிரொலியில் தொடங்குவதால் 'ஆன் எம்.எல்.ஏ.', 'ஆன் எம்ஆர்ஐ ஸ்கேன்'.

'தி' அவ்வளவு எளிதில்லை. தமிழில் அதற்கு நேரான சொல் கிடையாது என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. சொல் கிடையாதுதான், ஆனால் அந்த வேலையில் ஒரு பகுதியை இரண்டாம் வேற்றுமை உருபு செய்கிறது. 'மாத்திரை வாங்கினேன்' என்றால் ஏதோ மாத்திரை. 'மாத்திரையை வாங்கினேன்' என்றால் நீங்களும் நானும் முன்பே பேசிய, இன்னதென்று இருவருக்கும் தெரிந்த மாத்திரை. அந்த 'ஐ' வரும் இடத்தில் ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'தி' வரும். இது அஃறிணைப் பொருள், செயப்படுபொருளாக வரும்போது மட்டும் கிடைக்கும் குறிப்பு. 'பஸ் வந்தது' என்பதில் பஸ் எழுவாய். அதில் எந்த அடையாளமும் இல்லை. அங்கே 'எந்த பஸ் என்று கேட்பவருக்குத் தெரியுமா?' என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தெரியும் என்றால் 'தி பஸ்', தெரியாது என்றால் 'எ பஸ்'. ஊர்ப் பெயருக்கும் மாநிலப் பெயருக்கும் 'தி' வேண்டாம்: பாலக்காடு, கேரளா. ஆற்றின் பெயருக்கு வேண்டும்: 'தி பாரதப்புழா'. தொழிலைச் சொல்லும்போது 'ஷி இஸ் எ நர்ஸ்' என்று 'எ' கட்டாயம். 'அவர் நர்ஸ்' என்ற தமிழைப் பார்த்து அதை விட்டுவிடாதீர்கள். 'தி' முழுவதும் கைவரப் பல ஆண்டுகள் ஆகும். நன்றாகப் படித்தவர்களும் இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 'தி' விடுபட்டதால் ஒரு நோயாளி உங்களைத் தவறாகப் புரிந்துகொள்வது அரிது.

'ஐ ஆம் ஹேவிங்' விஷயத்துக்கு வருகிறேன். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ஐ ஆம் நாட் நோயிங்', 'ஐ ஆம் வான்ட்டிங்' என்று வரிசையாகக் கேட்கிறோம். தமிழில் 'எனக்கு' என்று தொடங்கும் சில வினைகளை நினைத்துப் பாருங்கள்: எனக்குத் தெரியும், எனக்குப் புரிகிறது, எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்கு ஞாபகம் இருக்கிறது, எனக்கு இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள். இவற்றோடு 'கொண்டிருக்கிறது' சேருமா? 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று யாரும் சொல்வதில்லை. இவை நாம் செய்கிற செயல்கள் அல்ல, நம்மிடம் இருக்கிற நிலைகள். ஆங்கிலத்திலும் இந்த நிலைகளைச் சொல்லும் 'நோ', 'அண்டர்ஸ்டாண்ட்', 'லைக்', 'வான்ட்', 'ரிமெம்பர்', உடைமையைச் சொல்லும் 'ஹேவ்' ஆகியவை 'இங்' சேர்த்துக்கொள்வதில்லை. 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்' என்றால் போதும். இந்த எனக்கு-விதி பெரும்பாலும் பலிக்கும், முழுக்கப் பலிக்காது. 'எனக்கு வலிக்கிறது' என்பதும் 'எனக்கு' என்றுதான் தொடங்குகிறது. ஆனால் 'ஐ ஆம் ஹேவிங் செஸ்ட் பெயின்' என்று ஒருவர் வந்து சொன்னால் அது நல்ல ஆங்கிலம். இப்போது நடந்துகொண்டிருக்கும் வலி அது. சாப்பிடுவதைச் சொல்லும் 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' என்பதும் சரியே. உங்கள் மேசையில் இந்த வேறுபாடு தினமும் வரும் என்பதால் சொல்கிறேன். 'ஹேவிங்' என்ற சொல்லையே தவறென்று ஒதுக்கிவிடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்க்கிறேன். வரவேற்பு மேசைக்கு அது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்பது என் கருத்து. 'டாக்டர் இன்றே வருவார்' என்பதை நம் பக்கத்தில் பலர் 'டாக்டர் வில் கம் டுடே ஒன்லி' என்கிறார்கள். வெளிநாட்டில் வளர்ந்த ஒருவர் அதைக் கேட்டால், இன்று மட்டும்தான் வருவார், நாளை வரமாட்டார் என்று எடுத்துக்கொள்வார். நம் ஏகாரத்துக்கும் 'தான்' என்பதற்கும் 'ஒன்லி' ஈடாகாது. 'மட்டும்' என்ற பொருள் இருந்தால்தான் 'ஒன்லி'. வெறும் அழுத்தத்துக்கு ஆங்கிலத்தில் குரலை உயர்த்துவார்கள். எழுத்தில் 'டுடே' என்றாலே போதும். 'டுடே இட்செல்ஃப்' என்பது இந்தியாவுக்குள் எல்லாருக்கும் புரியும். வெளியாருக்கு விநோதமாக ஒலிக்கும்.

இதுவரை சொன்னவற்றில் எனக்கு ஐயம் இல்லை. இனிச் சொல்பவை இடத்துக்கு இடம் மாறுபவை. மருத்துவமனையில் சேர்ந்திருக்கும் நோயாளியை பிரிட்டிஷார் 'இன் ஹாஸ்பிட்டல்' என்பார்கள், அமெரிக்கர்கள் 'இன் தி ஹாஸ்பிட்டல்' என்பார்கள், இரண்டும் சரி. 'டிஃபரென்ட் ஃப்ரம்' எங்கும் செல்லும். 'டிஃபரென்ட் டு' பிரிட்டனில், 'டிஃபரென்ட் தேன்' அமெரிக்காவில் அதிகம். 'ஷல்', 'வில்' பற்றிய பழைய விதிகளை இன்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை, 'வில்' போதும். 'பிரீபோன்' இந்தியாவில் பரவலாக வழங்கும் சொல். ஆக்ஸ்போர்டு அகராதி அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனாலும் வெளிநாட்டவரிடம் சொன்னால் விளக்க வேண்டியிருக்கும். 'பாஸ்ட் அவுட்' என்பதில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். நாம் படிப்பை முடித்ததற்குச் சொல்வோம். வெளியில் அதன் முதல் பொருள் மயங்கி விழுந்தார் என்பது. மருத்துவமனையில் இந்தக் குழப்பம் நல்லதல்ல. 'கிராஜுவேட்டட்' அல்லது 'ஃபினிஷ்ட் ஸ்கூல்' என்று சொல்லிவிடுங்கள்.

முன்னிடைச் சொற்களுக்கு நேரத்தைப் பொறுத்தவரை ஓரளவு வழி சொல்ல முடியும். 'மே மாதத்தில்' என்பதன் 'இல்' ஆங்கிலத்தில் 'இன்'. 'ஐந்து மணிக்கு' என்பதன் 'கு' ஆங்கிலத்தில் 'அட்'. 'திங்களன்று' என்பதன் 'அன்று' ஆங்கிலத்தில் 'ஆன்', அதாவது 'ஆன் மண்டே' ('ஓர்' என்ற பொருளில் வரும் 'ஆன்' வேறு). 'இரவில்' என்பது 'அட் நைட்' ஆகும், அது விதிவிலக்கு. மற்றபடி 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின் 'அபௌட்' கூடாது, 'எக்ஸ்பிளைன் மீ' தவறு, 'எக்ஸ்பிளைன் டு மீ' சரி என்பவற்றுக்கெல்லாம் காரணம் தேடிப் பயனில்லை. வாக்கியத்தோடு மனப்பாடம் செய்யுங்கள். உச்சரிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அது என் துறை அல்ல, ஆகவே அதில் நுழையவில்லை.

எதை முதலில் சரிசெய்வது என்றால், என் வரிசை இது: முதலில் 'டிட் நாட் கோ', அதோடு சேர்த்துக் கேள்வி கேட்கும் முறை, அடுத்து 'ஹேவ்', பிறகு 'எஸ்', 'தி' எல்லாவற்றுக்கும் பின்னால். இவை எதற்கும் முன்னால் நாளைக் காலையே நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனைக்கு வருபவரிடம் 'ஹேவன்ட் யூ ஈட்டன்?' என்று கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'சாப்பிடவில்லையா?' என்பதற்குத் தமிழில் நாம் 'ஆமாம், சாப்பிடவில்லை' என்போம். மலையாளியும் அப்படிச் சொல்லக்கூடும். ஆகவே நம் ஊர்க்காரர் 'யெஸ்' என்றால், சாப்பிடவில்லை என்று சொல்கிறார். ஆங்கிலத்தில் வளர்ந்தவர் அதே கேள்விக்கு 'யெஸ்' என்றால், சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்கிறார். சாப்பிடாதவர் 'நோ' என்பார். ஒரே சொல், எதிரெதிர் பொருள். ஆகவே எதிர்மறையில் கேட்கவே கேட்காதீர்கள். 'டிட் யூ ஈட் எனிதிங் திஸ் மார்னிங்?' என்று கேளுங்கள். அவர் 'யெஸ்' அல்லது 'நோ' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று அடுத்த கேள்வியையும் கேட்டு உறுதி செய்துகொண்டு சீட்டில் எழுதுங்கள். உங்களிடம் மேலதிகாரி இப்படி எதிர்மறையில் கேட்டால், 'யெஸ்' என்றோ 'நோ' என்றோ நிறுத்தாமல், 'ஐ டிட் நாட் கோ', 'ஐ ஹேவ் டன் இட்' என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்.